ஒரு கூடைக்கு இடம்: கரிசல் சந்தைகளில் ஆள் மாறிய கதை

குளத்தூர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. தூத்துக்குடியில் ஏறினால் வேப்பலோடை உப்பளங்களைத் தாண்டி இந்த ஊர் வரும். இங்கே ஆள் இறக்கிவிட்டு, பேருந்து வைப்பாறு, வேம்பார், சாயல்குடி என்று கிளம்பிவிடும். ஊருக்குச் சந்தை எது என்று கேட்டால் நிறுத்தத்தைத்தான் காட்டுவார்கள். டீக்கடை, பரோட்டாக் கடை, மருந்துக்கடை, செல்போன் ரீசார்ஜ், உரக்கடை என்று ஷட்டர் போட்ட கடைகள். அவற்றுக்கு முன்னால், வேப்பமர நிழலில், பனையோலைப் பெட்டியில் வெள்ளரிக்காய் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மா. பதினொரு மணிக்குள் விற்றுவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார். விற்காவிட்டால் நிழல் நகர நகர அவரும் பெட்டியை நகர்த்திக்கொள்வார்.

அவருக்கு வாடகை இல்லை, முன்பணம் இல்லை, கைச்சாத்து இல்லை. பின்னால் இருக்கும் கடைக்காரருக்கு மூன்றும் உண்டு. கரிசல் பூமியின் திறந்தவெளிக் கடைவீதிகள் எப்படி உருவாயின, அவற்றில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்கப் போனால், கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் வந்து நிற்கிறது. ஒரு சந்தையில் யார் கடை வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே விற்கும் சரக்கைவிட, அங்கே காசு வாங்கும் முறைதான் அதிகம் தீர்மானிக்கிறது. நான் பார்த்தவரை இதற்கு விலக்கு அதிகம் இல்லை.

எட்டயபுரத்திலிருந்து தொடங்குவோம். சனிக்கிழமை விடியுமுன்னே ஆட்டுச்சந்தை கூடிவிடும். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மினி லாரியிலும் சரக்கு ஆட்டோவிலும் ஆடுகள் வந்து இறங்கும். உடம்பு கறுத்து, முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும் கன்னி ஆடு. நெடுநெடுவென்று கால் நீண்ட கொடி ஆடு. வேம்பூர்ப் பக்கத்திலிருந்து, வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெறித்த செம்மறி. மூன்றுமே இந்த மண்ணுக்கு உரியவை. கரிசலின் வறண்ட மேய்ச்சலுக்கு ஈடுகொடுக்கிற உடம்பு வேறு ஆட்டுக்குக் கிடையாது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சனிக்கிழமைகளில் கூட்டம் பல மடங்காகிவிடும்.

விலை பேசுவதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். வாங்குபவர் ஆட்டின் முதுகெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். வாயைத் திறந்து பல் எண்ணுவார். பிறகு இரண்டு கைகள் ஒரு துண்டுக்குள் போகும். விரல்தான் பேச்சு. எந்த விரலை எத்தனை முறை பிடித்தார் என்பது துண்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். தலையாட்டல், ஒரு கை உதறல், மறுபடியும் துண்டு. பேரம் முடிந்தால் முன்பணமாக ஒரு நோட்டு கை மாறும். ஆடு வெளியே போகும்போது தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் கட்ட வேண்டும். அந்தச் சுங்கத்தை வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவருடைய ஆள் ரசீதுக் கட்டோடு நின்றுகொண்டிருப்பார்.

சுங்கம் தலைக்கு இவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்து வந்த கிழவருக்கு ஒரு ஆட்டுச் சுங்கம். நூறு ஆடு இறக்கிய வியாபாரிக்கு நூறு ஆட்டுச் சுங்கம். மழை பெய்து யாரும் வராத வாரத்தில் யாரும் எதுவும் கட்டுவதில்லை. இந்த முறையில் சந்தைக்குள் நுழைய ஒருவருக்கு மூலதனம் தேவையில்லை. காய்கறிச் சந்தைகளில் இதற்கு அடிக்காசு என்று பெயர். சாக்கு விரித்த இடத்துக்கு அன்றைய காசு. நாளைக்கு வரவில்லையென்றால் நாளைக்குக் கடன் இல்லை.

அமெரிக்கப் புறநகரில் நவீனக் கடைத்தொகுதியைக் கட்டியவர்களும் இதைப் போன்ற ஒன்றைச் செய்துதான் வென்றார்கள். கான்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் 1923-இல் திறந்த கன்ட்ரி கிளப் பிளாசா, காரில் வருபவர்களை எண்ணித் திட்டமிட்ட முதல் திறந்தவெளிக் கடைத்தொகுதிகளில் ஒன்று. அங்கே கடைக்காரரின் விற்றுவரவில் ஒரு பங்கை வாடகையாக வாங்கும் முறையை அவர் வளர்த்தார். கடைக்காரர் நன்றாக விற்றால் உரிமையாளருக்கும் நல்லது என்பதால், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருக்க வேண்டும் என்று உரிமையாளரே கவலைப்பட்டார். 1956-இல் மினியாபொலிஸ் அருகே விக்டர் குரூன் வடிவமைத்த சவுத்டேல், கூரை போட்டு மூடிய கடைத்தொகுதியைக் கொண்டுவந்தது. குரூனே பிற்காலத்தில் அந்த வழியில் வந்த மால்களைக் கைகழுவினார். நம் பக்கம் மால் வரவில்லை. ஆனால் தரைக்கடையிலிருந்து ஷட்டர் கடைக்கு நாமும் போனோம். போகிற வழியில் எதை விட்டுவிட்டோம் என்பதுதான் கேள்வி.

கரிசலில் இது முதல் மாற்றமும் இல்லை. ஜமீன் இருந்தவரை வட்டாரத்துக்குத் தலைநகரம் எட்டயபுரம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. திருநெல்வேலிக் கரிசலின் பஞ்சுக்கு உலகச் சந்தையில் தனிப்பெயரே இருந்தது. வண்டி வண்டியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. அந்தப் பாதையில் கோவில்பட்டி விழுந்தது, எட்டயபுரம் விழவில்லை. அதோடு வியாபாரம் அரண்மனையை விட்டு இரயிலடிக்கு நகர்ந்தது. 1901-இல் பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஜின்னிங் பாக்டரி, நூற்பாலை, பிறகு தீப்பெட்டி என்று ஊர் வளர்ந்து, 1964-இல் நகராட்சியானது. எட்டயபுரத்துக்கு ஆட்டுச்சந்தையும், பாரதி பிறந்த ஊர் என்ற பெருமையும் எஞ்சின.

இதற்கு இணையாக வடக்கே வேறொரு வகைக் கடைவெளி வளர்ந்திருந்தது. அதைப் பற்றி நம் ஆட்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் குறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறிக்குப் பயந்து, மதில் எழுப்பிய பேட்டைகளை அமைத்தார்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்ப் பேட்டைகளை ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-இல் வெளிவந்த தம் நாடார் வரலாற்று நூலில் விரிவாகச் சொல்கிறார். மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், சரக்கை இறக்கி வைக்க இடம், விற்க இடம், எல்லாம் ஒரே மதிலுக்குள். சரக்குக்கு ஏற்ற ஒரு சிறு தொகை மகிமை என்ற பெயரில், அவர்களுடைய சமூக அமைப்பான உறவின்முறைக்குப் போகும். அந்த மகிமையில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை அப்படி வந்தது. அந்த மகிமையின் பயன் முதலில் ஒரு சமூகத்துக்குள்ளேயே சுற்றியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் கடைவெளியில் வசூலான காசு அந்த ஊருக்கே பள்ளிக்கூடமாகத் திரும்பிய ஒரு காலம் இங்கே இருந்திருக்கிறது. இன்று சுங்கக் குத்தகை ஏலப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் பொதுநிதிக்கு என்பார்கள். சந்தையில் உட்காரும் பெண்ணுக்கு ஒரு கழிப்பறையாகக்கூட அது திரும்பாத ஊர்கள் பல.

ஜாதி பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஊர்த் தெருவில் கடை பிடிக்க முடியாதவர்கள் சந்தைத் தரையில் சாக்கு விரிக்க முடிந்தது. சுங்கக்காரருக்கு வேண்டியது காசுதான், குலம் இல்லை. டீக்கடையில் தனிக்குவளை வைத்த அதே ஊர்களில், வாரத்தில் ஒரு நாள், ஒரே தரையில் சரக்கு பரப்பினார்கள். பாகுபாடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன், தளர்ந்தது என்று சொல்வேன்.

ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் வந்தபின், அரண்மனைகள் நடத்திய சந்தைகள் படிப்படியாக ஊராட்சிகளின் கைக்கும் நகராட்சிகளின் கைக்கும் வந்தன. இங்கேதான் வாடகை முறை மாறத் தொடங்கியது. நகராட்சிக்கு ஒவ்வொரு சாக்குக்கும் காசு வாங்குவது தொல்லை. வரிசையாகக் கடை கட்டி, ஏலம் விட்டு, மாத வாடகை வாங்குவது வசதி. பேருந்து நிலையத்தைச் சுற்றி, தினசரிச் சந்தையின் முகப்பில், சாலையோரத்தில் என்று கடைவரிசைகள் எழுந்தன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 விழுக்காடு வாடகையை ஏற்றிப் புதுப்பிப்பது நெடுநாள் நடைமுறையாக இருந்தது. ஏலத்தில் எடுத்தவரே கடை நடத்துவார் என்பதில்லை. அவரிடமிருந்து உள்வாடகைக்கு எடுப்பவர் ஒருவர். அவர் கைமாற்றும்போது பகடி என்று வாங்கும் தொகை தனி. 2017-க்குப் பிறகு வணிக வாடகைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்தது. இத்தனை படியையும் தாங்கிக் கடை நடத்த எந்தச் சரக்கால் முடியும்? செல்போனால் முடியும், மருந்தால் முடியும், பேக்கரியால் முடியும், ஜவுளியால் முடியும். மொச்சையாலும் சீனியவரைக்காயாலும் முடியாது.

கரிசலுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. இது மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் வீட்டுக்கு வரும். மிளகாய் அதற்குப் பிறகும் சில மாதம் பறிக்கும். காடு காசு கொடுப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான். வாடகையோ மாதாமாதம். ஆகவே காட்டு விளைச்சலை நம்பிய கடை இங்கே நிலைப்பதில்லை. நிலைத்த கடைகள் எவை என்று பார்த்தால், வாரக் கூலியையும் மாதச் சம்பளத்தையும் நம்பியவை. கோவில்பட்டிக் கடைவீதியை நெடுங்காலம் வாழவைத்தது ஆலைச் சம்பளமும் தீப்பெட்டிக் கூலியும்தான். ஒரு ரூபாய்த் தீப்பெட்டி பதினான்கு ஆண்டு அதே விலையில் நின்று 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்தத் தொழில் இயந்திரத்துக்கு மாற மாற, கைவேலைக் கூலி குறைந்த தெருக்களில் கடைகளும் இளைத்தன. குளத்தூர் போன்ற ஊர்களில் இன்று கடையை ஓட்டுவது உப்பளக் கூலி, நூறுநாள் வேலைச் சம்பளம், முதியோர் உதவித்தொகை, 2023 செப்டம்பர் 15 முதல் வரும் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. கடைக்காரர்கள் கணக்கு நோட்டைத் திறந்து பாக்கி வரவு வைக்கும் நாள்கள் இவற்றை ஒட்டியே வருகின்றன. முன்பு அறுவடையைப் பார்த்துக் கடன் கொடுத்தவர்கள், இப்போது வங்கிக்கு எப்போது பணம் வரும் என்று பார்த்துக் கொடுக்கிறார்கள்.

அரசுகள் கூடைக்காரரை மறந்துவிடவில்லை. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார் மு. கருணாநிதி. சண்டிகரில் 1987-இல் வந்த அப்னி மண்டியும், 1999 தொடக்கத்தில் ஆந்திரத்தில் வந்த ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை, கட்டணமில்லாத தராசு, வாடகை இல்லாத கடை. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று பலகையில் எழுதும் விலை. 2001-இல் ஆட்சி மாறியதும் கவனிப்பு இன்றிக் கிடந்து, 2006-க்குப் பின் மறுபடி உயிர்பெற்றது. தமிழ்நாட்டில் கடைவெளி பற்றி எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இது என்பது என் கருத்து.

ஆனால் அது தோட்டக்கால் பூமிக்கு ஏற்றது. கிணறும் மோட்டாரும் வைத்துத் தினமும் காய் பறிப்பவருக்குத் தினமும் கடை வேண்டும். கரிசல் விவசாயியிடம் தினமும் கொண்டுவர என்ன இருக்கிறது? அவருக்கு வருஷத்தில் சில வாரம், மூட்டைக் கணக்கில் விற்க வேண்டும். அதற்கு 1933-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் வழி வந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன, கோவில்பட்டியிலும் இருக்கிறது. கட்டணம் வாங்குபவரிடம்தான், ஒரு விழுக்காடு, விற்பவரிடம் இல்லை. இருந்தும் மிளகாயும் பயறும் கமிஷன் கடைகளுக்கும் விருதுநகர் வணிகர்களுக்கும் போகக் காரணம், விதைப்புக்கு முன்பணம் கொடுத்தவர்கள் அவர்கள் என்பதுதான். நிழலும் தராசும் கொடுத்த அரசு, ஆவணியில் கைச்செலவுக்குக் கடன் கொடுக்கவில்லை.

இனி புறவழிச் சாலை. கோவில்பட்டி ஊருக்கு வெளியே, நான்குவழிச் சாலையோரம், கூடுதல் பேருந்து நிலையம் கட்டினார்கள். நல்ல அகலமான இடம். ஆனால் பேருந்துகள் உள்ளே வருவதில்லை என்ற முறையீடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆள் இறங்காத இடத்தில் கடை எப்படி ஓடும்? 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடு முழுவதும் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாறின. சென்னையில் 1996 முதல் இயங்கிய கோயம்பேடு சந்தையே மே மாதம் பூட்டப்பட்டுத் திருமழிசைக்குப் போனது. பல ஊர்களில் வெறும் தரை ஒரே இரவில் சந்தையானது. சுண்ணாம்பில் கட்டம் போட்டார்கள், சாக்கு விரித்தார்கள், வியாபாரம் நடந்தது. கட்டடம் இல்லாமலேயே சந்தை நடக்கும் என்பதை அந்த மாதங்கள் எல்லாருக்கும் காட்டின. பிறகு கோவில்பட்டித் தினசரிச் சந்தையின் பழைய கடைகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்ததில் எனக்கு வியப்பில்லை. புதுக் கட்டடம் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. புதுக் கட்டடத்தில் தனக்கு இடம் கிடைக்குமா, என்ன வாடகை, எவ்வளவு முன்பணம், தரைக்கடைக்காரர் எங்கே உட்காருவார் என்பவைதான் அவர்கள் கேள்விகள். எந்த ஊரிலும் சந்தையை இடித்துக் கட்டும்போது இவைதான் கேள்விகள்.

மண்ணும் இதில் ஒரு சாட்சி. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் கை நுழையும் வெடிப்பு ஐப்பசியில் மூடிக்கொள்ளும். ஆழமாகக் கடைக்கால் போடாத கட்டடம் இந்த ஏற்ற இறக்கத்தில் கோணிப்போகும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் மழைக்காலம் வந்தால் கடப்பாரையைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். ஷட்டர் ஓடும் இரும்புக் காடி சுவரோடு சேர்ந்து சாய்ந்துவிடும். காலையில் நெம்பித் தூக்கினால்தான் கடை திறக்கும். இரண்டு முறை தரை மாற்றினார், மூன்றாம் முறை விட்டுவிட்டார். இந்த மண்ணுக்கு ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடி பருத்த தூண் கடைக்காலை எப்போதோ உருவாக்கித் தந்துவிட்டது. ஆனால் மலிவாகக் கட்டி ஏலம் விடும் கடைவரிசையில் அதை எதிர்பார்க்க முடியாது. மழையில் கரிசல் தரை காலைப் பிடித்து இழுக்கும் சேறு, அதில் உட்கார்ந்து விற்கவும் முடியாது. ஆகவே இந்த மண் கேட்பது முழங்கால் உயர மேடையும் மேலே ஒரு கூரையும்தான். நாலு பக்கச் சுவரை இந்த மண் கேட்கவே இல்லை.

2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். தானாக உருவான சந்தைகளை அது அங்கீகரிக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் உள்ளவர்களுக்கு. கோவில்பட்டித் தள்ளுவண்டிக்காரருக்கு உண்டு. எட்டயபுரம் பேரூராட்சியில் உண்டு. ஊராட்சியான குளத்தூரில், சாலையோர வேப்பமரத்தடியில் வெள்ளரிக்காய் விற்பவருக்கு இல்லை. சாலையை அகலப்படுத்த நாளைக்கு அந்த மரத்தை வெட்டினால், பின்னால் இருக்கும் கடைக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசலாம். அந்த அம்மாவிடம் காட்ட ஒரு தாளும் இல்லை.

மதுரையில் இன்று பெரிய பேருந்து நிலையம் நிற்கும் இடத்துக்கு மாட்டுத்தாவணி என்று பெயர். மாடு வந்து விலை பேசிய வெளி அது. பேருந்து வந்தது, கடை வந்தது, காய்கறிச் சந்தையும் வந்தது. மாடு போய்விட்டது, பெயர் இருக்கிறது. கழுகுமலையில் பங்குனித் திருவிழாவை ஒட்டிக் கூடிய மாட்டுச்சந்தையின் நினைவு கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. டிராக்டர் வந்தபின் அந்தச் சந்தைகள் சுருங்கியது யார் தவறும் இல்லை. உழவு மாடு இல்லாமல் மாட்டுச்சந்தை எப்படி நடக்கும்? ஆனால் வெள்ளரிக்காயும் வெங்காயமும் கருவாடும் கருப்பட்டியும் இன்னும் கிடைக்கின்றன, வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவற்றை விற்பவர் சந்தையைவிட்டு வெளியேறினால் அதற்குக் காலத்தைக் காரணம் காட்டக்கூடாது. வாடகைச் சீட்டைத்தான் காட்ட வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சந்தையிலும் தரைத்தளத்தின் முகப்பில் ஒரு பகுதியை ஷட்டர் இல்லாத மேடையாக விட வேண்டும், பின்கட்டில் ஒதுக்கக்கூடாது. அங்கே ஏலம் வேண்டாம், அன்றன்று அடிக்காசு போதும். அந்தக் காசில் முதலில் குடிதண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் வர வேண்டும். ஊராட்சிகளில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, பத்துப் பேர் உட்காரும் ஒரு கூரை. தை மாசியில் மூட்டைக்காரருக்கு, மற்ற மாதங்களில் கூடைக்காரருக்கு.

போன சனிக்கிழமை எட்டயபுரத்தில் பத்து மணிக்கே ஆட்டுச்சந்தை கலைந்துவிட்டது. லாரிகள் போனபின் இரண்டு பெண்கள் தென்னை விளக்குமாற்றால் ஆட்டுப்புழுக்கையைக் கூட்டிக் குவித்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். காட்டுக்கு உரம் என்றார் ஒருவர். இதற்கும் சுங்கம் உண்டா என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டு, சாக்கின் வாயைக் கட்டி, தலையில் தூக்கிவைக்கச் சொல்லி என் கையைக் கேட்டார்.